ஒரு வீரருக்கு ஐந்து கைதிகள்: முறைதானா?

குன்னூர்க்காரன்: வெலிங்டன் படைமுகாமை அடுத்த தேநீர்க்கடையில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரோடு நேற்று வாக்குவாதம், தேநீர் ஆறி ஆடை படிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. 2014 மே 31 அன்று ஆப்கானிஸ்தானில் தாலிபான்களிடம் சிக்கியிருந்த பெர்க்டால் என்னும் அமெரிக்க வீரரை மீட்பதற்காக, குவாண்டனாமோ என்னும் அமெரிக்கச் சிறையிலிருந்த தாலிபான்கள் ஐவரை ஒபாமா அரசு கத்தாருக்கு அனுப்பியது முறைதானா?

கோத்தகிரி வாசகி: முறையில்லை. 30 நாள் முன்னதாக நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்னும் சட்டம் மீறப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே கூறியது. போதாக்குறைக்கு, பெர்க்டால் தாமாகவே முகாமைவிட்டு வெளியேறியவர். 2017இல் ஓடிப்போன குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அரவங்காட்டான்: அக்கா, ஓடிப்போனவரா என்று விசாரிக்கவேண்டியது சொந்த நாட்டின் இராணுவ நீதிமன்றமா, எதிரியின் கூண்டா? ஏறத்தாழ ஐந்தாண்டு அடைபட்டுக் கிடந்தவரை முதலில் மீட்டுப் பிறகு விசாரித்ததே சரி. அப்பா எல்லையில் இருந்த நாட்களில், தபால்காரர் ஏறிவரும் படிக்கட்டையே பார்த்திருந்த என் அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள்.

குன்னூர்க்காரன்: அம்மாவின் தவிப்பு புரிகிறது, தம்பி. ஆனால் 2011இல் ஹமாஸிடம் பிடிபட்டிருந்த கிலாத் ஷலித் என்ற ஒரு வீரருக்காக இஸ்ரேல் விடுவித்த 1,027 பேரில் 2023 அக்டோபர் 7 தாக்குதலைப் பின்னாளில் திட்டமிட்ட ஹமாஸ் தலைவர் யாஹ்யா சின்வாரும் இருந்தார் என்பதுதான் உறுத்துகிறது.

கோத்தகிரி வாசகி: அந்தத் தாலிபான் ஐவரிலும் கைருல்லா கைர்க்வா 2021இல் காபூலில் அமைச்சராகவே அமர்ந்துவிட்டார்.