கவுன்சிலிங் ரூம், வார்டன் ரூம், எக்ஸாம் ஹால்: தன்பாலீர்ப்பு உள்ளவர்களே, திருநர்களே, காலேஜில் உங்களுக்கு என்ன நடந்தது?

கடைசிபெஞ்ச்:

2022 பிப்ரவரி. கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், மூன்றாம் வருடம். மென்டார் மீட்டிங் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், விளக்கவில்லை. எனக்கு இரண்டு பேப்பர் அரியர். ஏன் என்று மேடம் கேட்டார். கேட்ட விதம் அன்பாக இருந்தது, நானும் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சொல்லிவிட்டேன். ஒரு பையனோடு இருந்தேன், முறிந்துவிட்டது, அதனால்தான் என்று.

மேடம் திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எழுந்து போய் ஃபேனைக் குறைத்துவிட்டு வந்தார். அப்புறம் கவுன்சிலிங் நோட்டை எடுத்தார். நீள நோட்டு, சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது. எனக்கு மேல் வரியில் இருந்தவனுக்கு வருகை 68 சதவீதம், பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று இருந்தது. என் பெயருக்கு நேராக ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஓரினச்சேர்க்கைப் பழக்கம். அறிவுரை வழங்கப்பட்டது." எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். "சைன் பண்ணுப்பா, நாக் டீம் வந்தா காட்டணும்." நாக் என்றால் காலேஜுகளுக்குத் தரம் போடும் அமைப்பு.

போட்டேன். வீட்டுக்குப் போன் போகவில்லை, யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அந்த வரி என் கையெழுத்தோடு ஏதோ ஒரு பீரோவில் இருக்கிறது. பேனாகூட அவருடையதுதான், மூடி இல்லாத ரெனால்ட்ஸ்.

மொட்டைமாடி:

எங்கள் ஹாஸ்டலில் கொசு அதிகம். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு ஒரே வலைக்குள் படுப்பது எல்லா ரூமிலும் உண்டு. யாரோ என்னையும் என் ரூம்மேட்டையும் பற்றி வார்டனிடம் போட்டுக்கொடுத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. ராத்திரி எட்டரைக்கு வார்டன் மேடம் இரண்டு ஆயாக்களோடு வந்தார். என்னையோ அவளையோ பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "இதை இழு" என்று கட்டிலைக் காட்டினார். இரும்புக் கட்டில், மொசைக் தரை. அந்தச் சத்தத்துக்குக் காரிடாரில் இருந்த அத்தனை கதவும் திறந்தது. மற்ற ரூம்களில் சேர்ந்திருந்த கட்டில்கள் சேர்ந்தே இருந்தன.

தரையில் கோடு விழுந்துவிட்டது. அடுத்த வருடம் அந்த ரூமுக்கு வந்த ஜூனியர் "இது என்னக்கா கோடு?" என்று கேட்டாள். கட்டில் இழுத்த கோடு என்றேன்.

வக்கீல்குமாஸ்தா:

கடைசிபெஞ்ச் தம்பி, கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. எந்த நோட்டிலும் படிக்காமல், யோசிக்காமல் போடக்கூடாது.

என் கதை சின்னது. 2009, சென்னையில் பிஜி படிப்பு. பாத்ரூம் கதவில் என் ரிஜிஸ்டர் நம்பரை எழுதி, கீழே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். நானே சுரண்டி அழித்தேன். அவ்வளவுதான், அப்போது வேறு என்ன செய்ய முடியும்?

இப்போது நிலைமை அப்படி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377வது சட்டப்பிரிவை வெட்டிவிட்டது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருந்தால் குற்றமே இல்லை. 2016லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் ராகிங் விதிகளைத் திருத்தி, பாலின ஈர்ப்பு காரணமாகவோ திருநர் என்பதற்காகவோ ஒரு மாணவரைத் துன்புறுத்தினாலும் ஒதுக்கினாலும் அது ராகிங் என்று எழுதிவிட்டது. 1800-180-5522, இலவச எண். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவைத் தேடிப் படியுங்கள். மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு. சிகிச்சை கொடுத்து மாற்றுகிறேன் என்று யாராவது இறங்கினால் உரிமம் ரத்து வரை போகலாம் என்று அதில் இருக்கிறது. பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு கொடுக்க வேண்டும், எல்லாப் பாலினத்துக்கும் பொதுவான கழிப்பறை வேண்டும், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி வேண்டும், எல்லாம் அதில் உண்டு. அதன் தொடர்ச்சியாகத்தான் 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று கொடுக்கும் சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஆகவே: ஒன்று, பிரின்சிபாலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டு, ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், நகலை வீட்டில் வைக்காதீர்கள். மூன்று, மனசு கனமாக இருந்தால் 14416, ராத்திரியும் எடுப்பார்கள். நான்கு, சென்னையில் ஓரினம் அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள், பக்குவமாகப் பேசுவார்கள். ஐந்தாவது, அந்த மேடத்தின் மேல் மருத்துவக் கவுன்சிலில்

(நீளமாகிவிட்டது, மிச்சம் அப்புறம்.)

கடைசிபெஞ்ச்:

அண்ணா, அவர் டாக்டர் இல்லை. மேத்ஸ் டிபார்ட்மென்ட். கவுன்சிலிங் சார்ஜ் அந்த வருடம் அவர் தலையில் விழுந்தது. எந்த உரிமத்தை ரத்து செய்வது? நான் வழி கேட்கவில்லை. அந்த நோட்டைத் திருப்பி வைத்தாரே, அதைச் சொல்ல வந்தேன்.

இன்னொன்று. எங்களை மரியாதையாகக் குறிப்பிட என்னென்ன சொல் புழங்க வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது அதே 2022 ஆகஸ்டில். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் "பழக்கம்" என்ற வார்த்தையாவது போயிருக்குமோ என்று சில ராத்திரி யோசித்திருக்கிறேன். போயிருக்காது. அரசிதழை யார் படிக்கிறார்கள்?

நத்தம்ரோடு:

திருநம்பி. செமஸ்டர் எக்ஸாம், நாலாவது பேப்பர். ஹால் டிக்கெட்டில் பழைய பெயர், பழைய போட்டோ, இரட்டைச் சடை. என் முகத்தில் அதற்குள் மீசை. முதல் மூன்று நாளும் எங்கள் காலேஜ் ஆட்களே இன்விஜிலேஷன், ஒன்றும் சொல்லவில்லை. அன்று வெளியிலிருந்து வந்தவர். டிக்கெட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். ஆள்மாறாட்டம் என்று முடிவு பண்ணிவிட்டார். பேப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, எழுந்து நில் என்றார். மொத்த ஹாலும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. என் வாயில் வார்த்தையே வரவில்லை.

முன் பெஞ்ச் பெண் திரும்பி, "சார், அவன் எங்க கிளாஸ்தான் சார்" என்றாள்.

அவன். மூன்று வருடத்தில் அந்த வகுப்பில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அவளிடம் நான் அதிகம் பேசியதும் இல்லை. பேப்பர் திரும்பக் கைக்கு வர இருபது நிமிடம் ஆனது, பாஸ் ஆகிவிட்டேன், அதெல்லாம் இருக்கட்டும். அவளிடம் நன்றி சொல்லவில்லை. இப்போது எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது.

வக்கீல்குமாஸ்தா அண்ணாவுக்கு: விதி எல்லாம் சரிதான். நான் விண்ணப்பித்தபோது 2019 திருநர் சட்டப்படி கலெக்டர் அடையாளச் சான்று தருவார், பிரமாணப் பத்திரம் போதும், உடம்பைச் சோதிக்கக் கூடாது, 30 நாளில் முடிக்க வேண்டும் என்று இருந்தது. ஆன்லைனில் போட்டேன், எனக்கு நாலு மாதம் ஆனது, வந்தது. அதை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனால், பத்தாவது மார்க் ஷீட்டை முதலில் மாற்றிக்கொண்டு வா என்றார்கள். அங்கே போனால் ஸ்கூலில் லெட்டர் வாங்கி வா. ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் மாறிவிட்டார். எத்தனை ஜெராக்ஸ் எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

டீக்கடைமூலை:

கொஞ்சம் நல்ல கதையும் இருக்கட்டும். ஐஐடி மெட்ராஸில் நம்மைப் போன்றவர்களுக்கு வண்ணம் என்று மாணவர் குழு ஒன்று இருக்கிறது. சேர்ந்த முதல் செமஸ்டரில் அவர்கள் கூட்டத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன். கதவு வரை போய், நேராக நடந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி கதவு, மறுபடி டீ. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "ப்ரோ, உள்ளேயும் டீ இருக்கு" என்றார். உள்ளே ஒன்பது பேர். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அசைன்மென்ட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது!

எல்லாக் காலேஜிலும் இப்படி ஒன்று ஆரம்பிக்கலாம். பர்மிஷன் கேட்டால்தானே தெரியும்?

மொட்டைமாடி:

டீக்கடைமூலை, சந்தோஷம். ஆனால் "ஆரம்பிக்கலாம்" என்று சும்மா சொல்லாதீர்கள். எங்கள் காலேஜில் பையனும் பெண்ணும் ஒரே படிக்கட்டில் ஏறக்கூடாது. தமிழ் மன்றத்துக்கே போஸ்டர் ஒட்ட நாலு கையெழுத்து வேண்டும். குழு ஆரம்பிக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதும், வீட்டு அட்ரஸைக் கொடுத்து போய்ச் சொல்லுங்கள் என்பதும் ஒன்றுதான்.

சாக்பீஸ்:

நான் மறுபக்கம். பேராசிரியர், 19 வருட சர்வீஸ். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்னிடமும் ஒரு பெண் வந்தாள். பேசக் கூச்சப்பட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். படித்தேன். "நல்லா யோசிச்சியாம்மா? இந்த வயசுல இப்படித் தோணும்" என்றேன். நல்லதைச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவள் அழவில்லை. தாளைத் திருப்பி வாங்கினாள். நாலாக மடித்தாள், அப்புறம் எட்டாக, அப்புறம் மடிக்க முடியாத அளவுக்கு. "தேங்க்ஸ் மேம்" என்று போய்விட்டாள். அதன்பின் என் கேள்விகளுக்கு வகுப்பில் பதில் சொல்வாள், கண்ணைப் பார்க்க மாட்டாள்.

அந்த 2021 உத்தரவுக்கு அப்புறம் எங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். இரண்டு மணி நேரம். பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். அந்த நீதிபதியே எனக்கும் இதெல்லாம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மனதில் நின்றது அது ஒன்றுதான். முடிவில் எங்கள் சீனியர் ஒருவர் எழுந்து, "நல்ல நிகழ்ச்சி, ஆனா நம்ம காலேஜ்ல அப்படி யாரும் இல்லை" என்றார். கைதட்டினார்கள். எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. எழுந்து ஒன்றும் சொல்லவில்லை, நானும் தட்டினேன்.

வக்கீல்குமாஸ்தா சாருக்கு ஒரு திருத்தம். ராகிங் விதி மாணவர் மாணவருக்குச் செய்வதைப் பற்றியது. ஆசிரியை நோட்டில் எழுதியது அதில் வராது.

கடைசிபெஞ்ச் தம்பி, அந்த நோட்டுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானே மூன்று வருடம் அந்தச் சார்ஜில் இருந்தேன். நாக் முடியும் வரை டிபார்ட்மென்ட் பீரோவில் இருக்கும். அப்போதெல்லாம் நாக் தகுதி பெரும்பாலும் ஐந்து வருடம். அடுத்த சுற்றுக்குப் புது நோட்டு போட்டதும் பழையதெல்லாம் எடைக்குப் போய்விடும், யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் பஸ் ஸ்டாப் கடையில் ஒருமுறை எனக்கு வடை மடித்துக் கொடுத்த தாள் எங்கள் இன்டர்னல் மார்க் ஷீட்.

கடைசிபெஞ்ச்:

மேடம், இதை ஆறுதலுக்குச் சொன்னீர்களா?