நம்பிப் போட்ட இன்ஸ்டாலருக்குள் மல்வேரா?

ஹட்டன் கொமினிகேஷன்:
கடையில மூணு மெசினுக்கும் வருஷக்கணக்கா ஒரே இலவச வீடியோ கன்வர்ட்டர்தான். புது வெர்ஷனை ஒரு மெசின்ல போட்டதும் குரோம் தேடல் பக்கம் மாறிடுச்சு. விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் 'பியூஏ'ன்னு (வேண்டாத மென்பொருளா இருக்கலாம்னு அர்த்தம்) தொடங்குற பேர் காட்டுது. ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்ல சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்துல 71க்கு 4 சிவப்பு. தப்பான எச்சரிக்கையா இருக்குமா? ஆட்களோட அடையாள அட்டை ஸ்கேன் எல்லாம் இந்த மெசின்லதான் இருக்கு.

பண்டாரவளை:
மத்த ரெண்டு மெசின்ல போடாதீங்க. இன்ஸ்டாலரை அழிக்கவும் வேணாம், பார்க்க வேண்டியது அதுலதான் இருக்கு. குரோம்ல கன்ட்ரோல்+ஜே அடிச்சு, ஃபைல் எந்த முகவரியிலிருந்து வந்ததுன்னு பாருங்க. கூகுள் தேடல்ல மேல வர்ற விளம்பரத்தை அமுக்கியிருந்தா அது போலித் தளமா இருக்கலாம். அடுத்து ரைட் கிளிக், ப்ரொபர்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்; ஃபைலை வெளியிட்டவங்களோட கையொப்பம் அங்கதான் இருக்கும். பழைய இன்ஸ்டாலர் பென்ட்ரைவ்ல இருந்தா ரெண்டுலயும் கையொப்பப் பேர் ஒண்ணான்னு ஒப்பிடுங்க. ஃபைல் சைஸையும் சொல்லுங்க.

கையொப்பம் சரியா இருந்தாலும் நம்பிட முடியாது. 2017ல கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ற சிகிளீனர் மென்பொருளோட 5.33 பதிப்பு அதிகாரபூர்வத் தளத்திலேயே, செல்லுபடியான கையொப்பத்தோட, மல்வேரைச் சுமந்து ஒரு மாசம் கிடந்தது.

ஹட்டன் கொமினிகேஷன்:
முகவரி அவங்க தளம்தான். கையொப்பமும் அதே பேர். ஆனா பழையது 48 எம்பி, புதுசு 3 எம்பி.

தலவாக்கலை:
அப்போ அது வெறும் டவுன்லோடர், அண்ணே. கன்வர்ட்டரையும் கூட வர்ற சரக்கையும் போடும்போதுதான் இணையத்திலிருந்து இழுக்கும். அதனாலதான் வைரஸ்டோட்டல்ல சிவப்பு குறைவு. எண்ணிக்கையை விட பேரைப் பாருங்க: 'பண்ட்லர்', 'ஆட்வேர்'னா விளம்பரக் கூட்டு, 'ஸ்டீலர்'னா பாஸ்வேர்ட் திருடுறது, கதை வேற. பிட்டிஃபெண்டர்ங்கிற ஆன்டிவைரஸோட எஞ்சினையே பல கம்பனிகள் வாங்கிப் பாவிக்கிறதால, நாலு சிவப்பு உண்மையில ஒரே ஆளோட சொல்லா இருக்கலாம். ஆனா தேடல் பக்கம் மாறிடுச்சே, இது தப்பான எச்சரிக்கை இல்ல.

கன்வர்ட்டரை எடுத்தா மட்டும் கூட வந்தது போகாது. செட்டிங்ஸ், ஆப்ஸ்ல தேதி வாரியா வரிசைப்படுத்தி, அதே நாள்ல ஏறின தெரியாததெல்லாம் எடுங்க. குரோம் எக்ஸ்டென்ஷனையும் பாருங்க. தானா ஓட வேண்டியதைப் பட்டியல் போட்டு வச்சிருக்கிற டாஸ்க் ஷெடியூலர்ல ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்து ஓடுற புரியாத பேர் இருந்தா அதை விடாதீங்க. அது இருந்தா ரீஸ்டார்ட் பண்ணினதும் எல்லாம் திரும்ப வரும். கடைசியா டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், 15 நிமிஷம் போல ஆகும். மழை நேரம் கரண்ட் போகும், யூபிஎஸ்ல போட்டுச் செய்யுங்க.

'ஸ்டீலர்'னு பேர் வந்திருந்தா வேற மெசின்லிருந்து பாஸ்வேர்டை மாத்தி, எல்லா இடத்திலும் லாக்அவுட் கொடுங்க. லாகின் ஆகியிருக்கிறதை பிரவுசர் ஞாபகம் வச்சிருக்கிற குக்கியைத் திருடியிருந்தா பாஸ்வேர்ட் மாத்தின பிறகும் உள்ளே வரலாம்.

பண்டாரவளை:
அந்தக் கன்வர்ட்டருக்குப் பதிலா ஹேண்ட்பிரேக்ங்கிற இலவச வீடியோ கன்வர்ட்டரைப் பாவிக்கலாம். ஆனா அதோட மேக் பதிப்பையும் 2017 மே மாசம் ஒரு டவுன்லோட் சர்வர்ல மாத்தி வச்சிருந்தாங்க. ஃபைலோட கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 குறியீட்டை ஒப்பிட்டவங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஃபைலைச் சுருக்குற 7-ஸிப் மென்பொருள் இருந்தா ரைட் கிளிக்ல 'சிஆர்சி எஸ்எச்ஏ'ன்னு வரும். 64 எழுத்தையும் தளத்துல போட்டிருக்கிறதோட முழுசா ஒப்பிடுங்க.