வலைப்பதிவை நூல்வழி கற்பதா, எழுதிப் பழகுவதா?

கேள்வி: வலைப்பதிவு தொடங்க விரும்பும் நான், அதற்கான நூல்களை முதலில் படித்து முடிக்க வேண்டுமா, அல்லது இன்றே எழுதத் தொடங்கிவிடலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி 1: தொடங்கிவிடுங்கள். இணையத்தில் எழுதும் தளங்கள் விரைந்து மாறுகின்றன. எடுத்துக்காட்டாக, குறும்பதிவுத் தளமான ட்விட்டர் 2017-இல் தன் 140 எழுத்து வரம்பை 280 ஆக்கியது. 2023-இல் பெயரையே எக்ஸ் என மாற்றிக்கொண்டது. அச்சிட்ட வழிகாட்டி இவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது.

மறுமொழி 2: தளத்தின் பொத்தான்களை விளக்கும் நூல்களுக்கு அது பொருந்தும். ஆனால் தலைப்பிடுதல், பத்தி பிரித்தல், பிறர் எடுத்த படங்களைப் பயன்படுத்தும்போது காப்புரிமையை மதித்தல் ஆகியவை அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. அவற்றை நான் நூல்களில்தான் கற்றேன். கற்பதற்கு முன் அனுமதியின்றி இட்ட படங்களை ஒவ்வொன்றாக நீக்க நேர்ந்தது இன்றும் வருத்தமளிக்கிறது.

கேட்டவர்: மிக்க நன்றி. காப்புரிமை குறித்த பகுதியை மட்டும் படித்துவிட்டு, இன்றிரவே முதல் பதிவை எழுதுகிறேன்.