மாமாவின் சம்மதப் படிவம்: குடும்பக் குழு உரையாடல்

அத்தை: இன்று மருத்துவர் ஒரு படிவத்தைக் கொடுத்து, போதைப்பொருள் பழக்கம் இருந்து இறந்துபோன ஒருவரின் இதயம் கிடைத்தால் மாமாவுக்குப் பொருத்தச் சம்மதமா என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு, கடைசியில் பழுதுபட்ட இதயத்தையா வாங்கிக்கொள்வது?

அக்கா: கலங்காதீர்கள், அத்தை. இறந்தவரின் பழக்கம் வேறு, அவருடைய இதயத்தின் நிலை வேறு. ஹெராயின், ஃபென்டனில் போன்றவற்றை அளவுக்கு மீறி எடுத்தவருக்கு முதலில் மூச்சுத்தான் அடங்குகிறது. ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை இறந்துவிட்டாலும், அவசர சிகிச்சையில் மீண்டும் துடிக்கத் தொடங்கிய இதயம் பல நேரங்களில் நல்ல வலுவோடு இருக்கிறது. அப்படி இறப்பவர்களில் பலர் இளவயதினர் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில், இறந்தபின் உறுப்பு தந்தவர்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினரே போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்கள். 2017-இல் அது 13 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய இதயத்தைப் பெற்றவர்களும், விபத்தில் இறந்தவர்களின் இதயத்தைப் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா: கொக்கைன் இதயத்தையே தாக்கும் என்று படித்திருக்கிறேனே, அம்மா?

அக்கா: தாக்கும், சித்தப்பா, அதை மறைக்கக் கூடாது. கொக்கைன் இதயத்தின் ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயச் சுவரைத் தடிக்க வைக்கும்; மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் இதயத் தசையையே பலவீனப்படுத்தும். அதனால்தான் எக்கோ என்ற ஒலியலைப் பரிசோதனையில் இதயத்தின் ஒவ்வொரு சுவரும் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கிறார்கள், ஐயம் இருந்தால் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமும் கேட்கிறார்கள். இதயத்தை எடுக்கச் செல்லும் அறுவை சிகிச்சை நிபுணர், நெஞ்சைத் திறந்த பிறகும் அந்தக் குழாய்களை விரலால் தடவி, கடினமாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். தட்டுப்பட்டால், இங்கே எல்லாம் தயாராக இருந்தாலும் அந்த இதயம் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியும்.

தம்பி: ஊசி போட்டுக்கொண்டவராக இருந்தால் எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் போன்ற தொற்று வராதா?

அக்கா: ஆபத்து சிறிது உண்டு. வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனை, ஹெபடைடிஸ் சி தொற்றைச் சில நாட்களிலேயே காட்டிவிடும். அதற்கும் முந்திய குறுகிய இடைவெளியில் தொற்றியிருந்தால் மட்டுமே தவறக்கூடும். அதற்காகவே அறுவைக்குப் பிறகு மாமாவின் ரத்தத்தையும் மறுபடி சோதிப்பார்கள். ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தே பொருத்துவதும் உண்டு. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அத்தகைய இதயமோ நுரையீரலோ பெற்ற 44 பேருக்கு, அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே அந்த வைரஸுக்கு எதிரான மாத்திரையைத் தொடங்கி 4 வாரங்கள் கொடுத்தார்கள். ஆறு மாதம் கடந்த 35 பேரில் ஒருவருடைய ரத்தத்திலும் அந்த வைரஸ் இல்லை.

அத்தை: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பழக்கம் இவருக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

அக்கா: ஒட்டாது, அத்தை. அந்த ஏக்கம் மூளையில் வேரூன்றுவது, இதயத்தோடு வருவதில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் அவ்வளவு துயரத்திலும் கொடுக்க முன்வருகிறார்கள் என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

மாமா: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. செருப்பு வாரைக் குனிந்து மாட்டக்கூட முடியவில்லை. இப்போது கையெழுத்திட்டுவிட்டால் பிறகு மறுக்க முடியாதா?

அக்கா: முடியும், மாமா. அழைப்பு வரும்போதும் விவரம் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஆனால் எடுத்த இதயத்தைக் குளிரில் வைத்தால் ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் நின்று நிதானமாக யோசிக்க இடமிருக்காது. ஆஞ்சியோகிராம் எப்போது கேட்பார்கள், ஹெபடைடிஸ் சி மாத்திரைக்கான செலவை யார் ஏற்பார்கள், மறுத்தால் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

மாமா: கடைசிக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது நீயும் உடன் வா, அம்மா. படிவத்தை அங்கேயே வைத்து முடிவு செய்வோம்.