14 வயது நாய் திடீரெனச் சரிந்து விழுகிறது

கேள்வி: எங்கள் 14 வயது நாட்டு நாய் மணி இன்று விடியற்காலையில் எழ முயன்றபோது இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தான், தலை சாய்ந்திருக்க, கண்மணிகள் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. பக்கவாதம், கருணைக்கொலைதான் வழி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில் 1: அந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். முதிய நாய்களுக்கு உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டாலும் இதே அறிகுறிகள் தோன்றும். பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் தேறத் தொடங்கி, சில வாரங்களில் நடமாடிவிடும். ஆயினும் காதில் தொற்றா, மூளையில் பாதிப்பா என்பதை மருத்துவர்தான் பிரித்தறிய முடியும் என்பதால், கண்ணசைவைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு இன்றே அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2: பாராசிட்டமால், இபுபுரூஃபென் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். வழுக்கும் தரையில் கோணிச்சாக்கை விரித்துவையுங்கள்.

கேட்டவர்: நன்றி. மருத்துவர் காதைப் பரிசோதித்து, வாந்தி வராமலிருக்க ஊசி போட்டார். இரவில் என் கையிலிருந்து இரண்டு உருண்டை தயிர்சோறு தின்றான். தலை இன்னும் சாய்ந்தேதான் இருக்கிறது.