செல்ஃப் எடுக்காத பழைய அம்பாசடர்: கழற்றுவதற்கு முன்னாலும் பின்னாலும்

நம்ம பக்கம் பழைய அம்பாசடர் ஓடித் தேயறதை விட நின்னு கெடறதுதான் அதிகம். கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ, ஷெட்டுக்குள்ள மாசக்கணக்கா நிக்கும். செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை கிளம்பலாம்னு சாவியைத் திருப்பினா 'டக்'குனு ஒரு சத்தம், அதோட சரி. உடனே செல்ஃபை (இன்ஜினைச் சுத்திவிடற ஸ்டார்ட்டர் மோட்டார்) கழற்றிக் காரைக்குடிக்குக் கொண்டு போயிடறாங்க. பல வண்டிகள்ல அது வீண் செலவு. கழற்றுறதுக்கு முன்னால பார்க்க வேண்டியதை நான் சொல்றேன், பின்னால உள்ளதைத் தம்பி சொல்வான்.

முதல்ல ஹெட்லைட்டைப் போட்டுட்டு ஸ்டார்ட் கொடுங்க. வெளிச்சம் குறையவே இல்லை, மோட்டாரும் சுத்தலைன்னா கரண்ட் மோட்டாருக்குள்ள போகலை: சுவிட்ச், சொலினாய்டு (சாவி கொடுத்ததும் பெரிய கரண்டைத் திறந்துவிடற காந்த சுவிட்ச்), இல்லைன்னா கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள சுத்தற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு). வெளிச்சம் மஞ்சளா மங்கி இன்ஜின் அசையலைன்னா பாட்டரி இறங்கியிருக்கு, இல்லைன்னா ஏதோ இறுகியிருக்கு. கியரை நியூட்ரல்ல வச்சு ஹேண்டில் (வண்டி முன்னால சொருகிக் கையால இன்ஜினைச் சுத்தற கம்பி) போட்டுச் சுத்திப் பாருங்க, இன்ஜின் இறுக்கமா இல்லையான்னு தெரிஞ்சிடும். (கட்டை விரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வைங்க. ஹேண்டில் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிடும்.) லைட் சுத்தமா அணைஞ்சா பாட்டரி டெர்மினல்லயே கோளாறு.

அடுத்தது மீட்டர். ராத்திரி முழுக்க நின்ன பாட்டரி 12.6 வோல்ட் காட்டணும். 12.2-ன்னா பாதிதான் இருக்கு, சார்ஜ் ஏத்தாம மேல எதையும் சோதிக்காதீங்க. பிறகு இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றி இன்ஜின் பிடிக்காதபடி செஞ்சுட்டு, ஒருத்தரை சாவி பிடிக்கச் சொல்லுங்க. சுத்தும்போது பாட்டரி 9.6-க்குக் கீழ இறங்கக் கூடாது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயக் கம்பத்து மேலயே வைங்க, கிளாம்ப் மேல வேண்டாம். இன்னொரு முனை செல்ஃபின் பெரிய போல்ட்டில. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழியில எங்கயோ தடை. எர்த் பக்கம், கம்பத்துக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவுல 0.3-க்கு மேல போகக் கூடாது.

ஏன் இவ்வளவு சின்னக் கணக்குன்னா, செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் வழியிலேயே போயிடுது. ஹெட்லைட் சுமார் 10 ஆம்பியர்தான் கேக்கும். அதனால அதே ஒயர்ல லைட் பளிச்சுனு எரியும், செல்ஃப் மட்டும் முனகும்.

இதுல பெரிய திருடன் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பின்னல் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல உக்காந்திருக்கு. அந்தப் பட்டை துருப்பிடிச்சா கரண்ட் சோக் கேபிள் வழியாக்கூடத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் கொடுக்கும்போது சோக் கேபிள் சுட்டா வேற சோதனையே வேண்டாம். பட்டையின் இரண்டு முனையையும் கழற்றிப் பெயிண்ட் போய் இரும்பு மின்னற வரைக்கும் சுரண்டணும். டெர்மினல்ல பூத்த வெள்ளைப் பொடிக்கு வெந்நீர்ல ஆப்பச்சோடா, முடுக்கின பிறகு மேல வாசலின். அரிப்பை ஆராயறதுக்குன்னே 1953-லிருந்து காரைக்குடியில சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கு, ஊருக்குள்ள எர்த் பட்டையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை!

*

இனி தம்பி நான். மேல அண்ணே சொன்ன சோதனை எல்லாம் செஞ்சும் மோட்டார்தான் கோளாறுன்னு ஆனா, கழற்றின பிறகு நடக்கிற தப்புகளைச் சேர்க்கிறேன். பாட்டரி எர்த்தை முதல்ல கழற்றுங்க, கடைசியில மாட்டுங்க.

பிரஷ் 8 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா நாலையும் மாத்தணும். ஃபீல்டு காயிலோட (மோட்டார் உடம்புக்குள்ள நிலையா நிக்கிற கம்பிச் சுருள்) சேர்ந்த பிரஷ்ஷுக்கு ஈயம் பத்த வைக்கும்போது ஈயம் பிரஷ்ஷோட பின்னல் ஒயர் வாலுக்குள்ள ஏறிடக் கூடாது. வால் விறைச்சுக்கிட்டா பிரஷ் கூட்டுக்குள்ள இறங்காது, புதுசு போட்டும் பழைய கதைதான். ஃபீல்டு காயில் அலுமினியமா இருந்தா நேரடியா ஈயம் பிடிக்காது. பழைய வாலைக் கொஞ்சம் விட்டு வெட்டி, அதுமேல புதுசைப் பத்த வைங்க.

கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசற செம்பு உருளை) நைஸ் உப்புத்தாளால தேய்ங்க, எமரி வேண்டாம், துகள் செம்புல ஒட்டிக்கும். பட்டறையில டைனமோ பழக்கத்துல செம்புப் பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மைக்காவை அறுத்து இறக்குவாங்க. பழைய லூகாஸ் செல்ஃபுக்கு அது கூடாது, முன்னாடியே சொல்லிடுங்க.

ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்தற பாகம்) மேல ஒரு பக்கமாத் தேய்ஞ்ச பளபளப்பு இருந்தா அதோட தண்டைத் தாங்கற புஷ் போச்சு, ஆர்மேச்சர் காந்தத்துல உரசுது. சித்திரை வெயில்ல ஓடி நின்ன வண்டி திரும்ப எடுக்கத் திணறறதுக்கு இது ஒரு காரணம். (இக்னிஷன் டைமிங் முன்னாடி போயிருந்தாலும் அப்படித்தான் திணறும், அதையும் பாருங்க.) புது வெண்கலப் புஷ்ஷை 24 மணி நேரம் இன்ஜின் ஆயில்ல ஊறப் போட்டு அடிங்க. அடிச்ச பிறகு ரீமர் (துளையைச் சீவிப் பெருசாக்கற கருவி) விட்டா எண்ணெய் கசியற துளை அடைபட்டுடும்.

மோட்டார் 'விர்'ருனு தனியாச் சுத்தி இன்ஜின் சுத்தலைன்னா பெட்ரோல் வண்டியில பெண்டிக்ஸ் (மோட்டார் தண்டுல நகர்ந்து போய் இன்ஜின் பல்லைக் கவ்வற பல்சக்கர அமைப்பு) ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய்ல கழுவிக் காய வச்சு, மெல்லிய எண்ணெய் ஒரு துளி, போதும். கிரீஸ் தடவினா நம்ம செம்மண் புழுதி ஒரே மாசத்துல பசையாக்கிடும்.

*

திரும்ப அண்ணன் நான். டீசல் வண்டிக்காரங்க, தம்பி பெண்டிக்ஸுக்குச் சொன்னபடி கழுவிடாதீங்க. அதுல பல்சக்கரத்தைச் சொலினாய்டு தள்ளிவிடுது, பின்னால ஒருவழிக் கிளட்ச் இருக்கு. கழுவினா உள்ள அடைச்ச கிரீஸ் கரைஞ்சிடும். துணியால துடைச்சுட்டுக் கையால சுத்துங்க: ஒரு பக்கம் சுத்தி, மறுபக்கம் பிடிக்கணும். ரெண்டு பக்கமும் சுத்தினா கிளட்சை மாத்த வேண்டியதுதான்.

பல்சக்கரம் ஃப்ளைவீல் ரிங்ல (இன்ஜினோட சுத்தற கனச்சக்கரத்தின் பல் வளையம்) சிக்கிக்கிட்டா சுத்தியலைத் தேடாதீங்க. சாவியை அணைச்சு, டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினா விட்டுடும். லூகாஸ் பெட்ரோல் செல்ஃபுல பின்முனைச் சின்ன மூடியைக் கழற்றினா சதுரத் தண்டு தெரியும், ஸ்பேனர் வச்சுத் திருப்பலாம்.

அடிக்கடி சிக்கினா ரிங்கைப் பாருங்க. நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரா ரெண்டே இடத்துலதான் வந்து நிக்கும், பல்லும் அங்கேதான் தேயும். கிளட்சுக்காக கியர்பாக்ஸ் இறக்கும்போது ரிங்கைச் சூடாக்கி எடுத்து, கால் சுத்து தள்ளி மாட்டச் சொல்லுங்க. பல்லோட முனையைச் சரிவாச் சீவின பக்கம் முன்ன இருந்த திசையிலேயே இருக்கணும்.