கலைச்சொல்: கியூபெக் கொடிவழி ஆவணங்களில் ‘நோம் தி’

வணக்கம்.

கனடாவின் கியூபெக் மாகாணக் கொடிவழி (வம்சாவளி) ஆய்வுக்கான நம் சொற்பட்டியலில் ‘நோம் தி’ (nom dit) என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தமிழ் மட்டும் இழுபறியாக நிற்கிறது. தேவாலயப் பங்குப் பதிவேட்டில் ‘ரிவார் தி லாவீஞ்’ என்று இருந்தால், ரிவார் குடும்பப்பெயர். லாவீஞ் அதற்கு மாற்றாக வழங்கிய இன்னொரு பெயர். ‘தி’ என்றால் ‘எனப்படும்’. இவற்றில் பல, படையில் வைத்த பெயர்கள். 1665இல் வந்திறங்கிய காரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவில் ஏறத்தாழ 400 பேர் அங்கேயே குடியேறினார்கள். லாஃப்ளூர், சான்சூசி எல்லாம் அந்த வகை. நிலத்தையோ பிறந்த ஊரையோ ஒட்டி வந்தவையும் உண்டு.

புனைபெயர் எழுத்தாளர்களுக்குப் போய்விட்டது. பட்டப்பெயர் என்றால் கேலிப்பெயர்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கும் இறங்குவதால் ‘கிளைப்பெயர்’ சரியா?

---

> ‘கிளைப்பெயர்’ சரியா?

ரிவார்களுக்குப் பொருந்துகிறது, ஐயா. கியூபெக்கின் பாத்திஸ்கான் ஊரில் குடியேறிய சகோதரர்களில் நிக்கோலா லாவீஞ் ஆனார், ரொபேர் லொராஞ்சே ஆனார். பின்னர் லனுவேத், லாகூர்சியேர் என்று மேலும் பிரிந்தன. ஆனால் மொன்றியலின் தெசியே குடும்பமும் ‘தி லாவீஞ்’தான். கிளைப்பெயர் என்றால் படிப்பவர் இரண்டையும் ஒரே மரத்தில் தொங்கவிடுவார். இந்த ஆய்வில் ஆள் மாறுவதே அப்படித்தான்.

கிளையே பிரியாமலும் பெயர் மாறும். திருமுழுக்கில் ரிவார், திருமணத்தில் லாவீஞ், அடக்கத்தில் ‘ரிவார் தி லாவீஞ்’ என்று ஒரே ஆள் மூன்று விதமாகப் பதிவாகலாம். எழுதிய குருவானவருக்கு எது பழக்கமோ அது.

நம் பத்திரங்களில் ‘முருகேசன் (எ) குமார்’ என்று எழுதுகிறோமே. அதை வைத்து ‘எனும்பெயர்’ என்கிறேன்.

---

‘(எ)’ என்றதும் எனக்குக் காவல் நிலைய வாடைதான் அடிக்கிறது! அது அந்த ஆளோடு முடிந்துவிடும். இது பேரனுக்கும் போகிறது. இருந்தாலும் எனும்பெயரை ஏற்கிறேன், ஆனால் ‘மரபாக இறங்கக்கூடியது, குடும்பப்பெயருக்குப் பதிலாகத் தனித்தும் வரும்’ என்று விளக்கத்திலேயே இருக்கவேண்டும். ‘தனித்தும்’ என்பதை விட்டால் தேடுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

பயன்பாட்டுக் குறிப்பும் சேர்க்கலாம். திருமணப் பதிவைப் பிடித்துத்தான் மேலே ஏறவேண்டும், ஏனெனில் வழக்கமாக மணமக்கள் இருவரின் பெற்றோரும் அதில் இருப்பார்கள். மறுமணம் என்றால் பெற்றோருக்குப் பதில் இறந்துபோன துணையின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். முதல் திருமணத்தைத் தேடிப் போகவேண்டும். கணவன் பெயரில் தேடி மரம் அறுந்தால் மனைவி பெயரைப் பிடியுங்கள். அங்கே பெண்ணுக்குச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான் பதிவாகும். ‘இன்னார், இன்னார் மனைவி’ என்ற இணை பொருந்தினால் ரிவாரும் லாவீஞ்சும் ஒரே ஆள் என்று துணியலாம். அவள் வீட்டுக்கும் ஓர் எனும்பெயர் இருக்கலாம் என்பதை மறக்கவேண்டாம். எந்தப் பெயருக்கு எது மாற்று என்று பார்க்க, 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வந்த, தாங்கே என்பவர் தொகுத்த கொடிவழி அகராதி உண்டு. அதில் பிழைகளும் உண்டு. பதிவேட்டோடு ஒப்பிடாமல் எடுக்கக்கூடாது.

முன்பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண்ணுக்கு மரி என்று திருமுழுக்கில் முதலில் வைப்பது வழக்கம். கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அதை எனும்பெயர் என்று குறித்துவிடாதீர்கள்.

---

சரி அம்மா, இப்படிப் பதிகிறேன்:

எனும்பெயர்: பொதுச்சொல்.
படைப்பெயர்: எனும்பெயரில் ஒரு வகை, படையில் வைத்தது மட்டும்.
கிளைப்பெயர்: ஒரு கிளை பழைய குடும்பப்பெயரை அடியோடு விட்டு, எனும்பெயரையே நிலையாக வைத்துக்கொண்டபின் மட்டும்.

ஆவணத்தில் உள்ளபடியே ‘தி’ இருக்கட்டும். நம் விளக்கத்தில் மட்டும் ‘(எ)’. அட்டவணையில் இரு பெயரிலும் தனித்தனிப் பதிவு, ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுட்டு.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கு வேலைக்குப் போனபின் புவாவேர் ‘கிரீன்வுட்’ ஆனதும் ருவா ‘கிங்’ ஆனதும் இதில் சேராது. அவை மொழிபெயர்ப்பால் வந்தவை. அதற்கு ‘பெயர்த்த பெயர்’ என்று நான் குறித்திருக்கிறேன். காதுக்குச் சரியாக இல்லை. வேறு இருந்தால் சொல்லுங்கள்.